அருவிக்கு மூன்றாம் சீட்டு

அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் சேர்க்க மூன்று சீட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒருவர் தம் வாயால் சொன்ன வாக்கியம், பெயர், தேதி. 'அருவி'க்கு முதல் பொருளில் சிக்கலே இல்லை. மலையிலிருந்து விழும் நீருக்குப் பதினொரு சீட்டுகள் சேர்ந்துவிட்டன. தங்குதடையில்லாத பேச்சு என்ற இரண்டாம் பொருளுக்கு இரண்டுதான்.

மூன்றாவது தன் அப்பாவின் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் சீட்டு எழுதும் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். முப்பது வருஷம் சந்தையில் ஏலம் கூவியவர். அவர் இருமினால்கூட விலை ஏறும் என்பார்கள். யாராவது குறுக்கே பேசினால், "அருவிக்கு அணை போடாதீங்கப்பா" என்று வாயை அடைத்துவிடுவார்.

பக்கவாதம் வந்தபின் "ம்" மட்டும்தான். பழகிய வாக்கியத்தில் பாதியைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள் என்றார் பேச்சுப் பயிற்சியாளர். ஆறு மாதத்துக்குள் ஒரு சொல்லாவது வர வேண்டும், அதற்கப்புறம் கஷ்டம் என்றும் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறோடு ஆறு மாதம் முடிந்தது.

அன்று காலை, அப்பாவோடு வேலை பார்த்த தராசுக்காரர் பார்க்க வந்திருந்தார். மகள் வழக்கம்போல் பேனாவும் வெற்றுச் சீட்டுமாகக் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"அருவிக்கு..."

அப்பாவின் உதடுகள் பிரிந்தன. தொண்டை ஏறி இறங்கியது. இதுவரை அப்படி ஆனதில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தராசுக்காரருக்கு மனசு பொறுக்கவில்லை.

"அணை போடாதீங்கப்பா! அதானேண்ணே? அண்ணன் வாயத் தொறந்தா அருவிதாம்மா. நான் ஒரு மூட்டைய எறக்கி வைக்கிறதுக்குள்ள நாலு மூட்டைய வித்துருப்பாரு."

மகளின் கை தன்பாட்டில் எழுதியது. வாக்கியம், தேதி, சொன்னவர்: தராசுக்காரர். அலுவலகப் பழக்கம். நிமிர்ந்தபோது அப்பா அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதடுகளை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"தப்பா எதுவும் சொல்லிட்டேனாம்மா?" என்றார் தராசுக்காரர். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

திங்கட்கிழமை இரண்டாம் பொருள் அகராதியில் ஏறியது. பதிப்பாசிரியர் நல்ல வாக்கியம் என்று பாராட்டினார்.

சாயங்காலம் அவள் பேனா இல்லாமல் வெறுங்கையோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். "அருவிக்கு..." என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீயும் வாசனை வரும்வரை காத்திருந்தாள். "ம்"கூட வரவில்லை.