முப்பிடாதிக்கு வந்த மெயில்

சண்முகையா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு எது வந்தாலும் அவர்தான் பிரித்துக் கொடுப்பார். யாரும் மறுத்ததில்லை.

வீட்டில் ஒரு கணினி. பல வருடங்களாக ஒரே மெயில் முகவரி. கேஸ் ரசீது, மின்கட்டணம், மகன் இசக்கிராஜாவின் அலுவலகச் சமாசாரம், நகைக்கடையின் பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதில் ஒன்றாகக் கிடந்தன. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இசக்கிராஜா பொங்கலுக்கு வந்தபோது ஆளுக்கு ஒரு மெயில் தொடங்கினான். கணினியைத் திறந்தால் நாலு வட்டங்கள். அப்பா, அம்மா, அவன், ஊரில் அவர்களோடு இருக்கும் அவன் மனைவி ஜெயசித்ரா.

"அவங்கவங்க வட்டத்தை அவங்கவங்க அமுக்கணும்" என்றான்.

"எதுக்குலே? நம்ம கோயில்ல ஒரே உடம்புல பாதி சிவன், பாதி பெருமாள்னு ரெண்டு சாமி இருக்கு. சண்டையா வந்துட்டு?"

"சாமிக்கு கேஸ் பில் வரலப்பா."

பழைய முகவரியை மூட முடியவில்லை. ஊரில் பாதிப் பேரிடம் அதுதான் இருந்தது. அதைச் சண்முகையா தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். காலையில் குளித்துத் திருநீறு பூசிக் கணினி முன் உட்காருவார். வந்திருப்பதை ஒவ்வொன்றாக உரியவர் மெயிலுக்கு அனுப்புவார். அதைப் பட்டுவாடா என்பார். பெயரை மட்டும் பார்ப்பார். உள்ளே படிக்க மாட்டார். அது தொழில் தர்மம்.

மனைவி முப்பிடாதியம்மாள் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு. அவள் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் தெரியாது. அவளுக்கு வந்ததை அவரே படித்துச் சொல்வார். பெரும்பாலும் துணிக்கடைத் தள்ளுபடி. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாட்டின்போது சொன்னார்.

"சித்ரா, உங்க அத்தைக்கு வேலை வந்துருக்கு."

ஜெயசித்ரா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "என்ன வேலை மாமா?"

"லேப் டெக்னீசியன். தென்காசியில ஒரு ஆஸ்பத்திரி. திங்கக்கிழமை இன்டர்வியூவாம். மொட்டையா முப்பிடாதின்னு போட்டுருக்கான். பின்னால அம்மாளைக் காணோம். மரியாதை தெரியாத பய."

"நான் ரத்தம் எடுத்தா ஊர்ல ஒருத்தன் மிஞ்சுவானா?" என்று முப்பிடாதியம்மாள் சிரித்தாள்.

"அந்த மெயில் எங்க மாமா?"

"பதில் போட்டாச்சு. ஒருத்தன் மதிச்சுக் கூப்பிடுதான். பதில் போடாம இருக்கலாமா?"

போட்ட பதிலை அவர் மனப்பாடமாகச் சொன்னார். என் மனைவிக்கு வயது அறுபத்திரண்டு. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆகையால் இந்த வேலையை வயதில் குறைந்த ஒருவருக்குக் கொடுத்து உதவவும்.

ரசம் தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது.

"போதும்மா, போதும்" என்றார் சண்முகையா.

ஜெயசித்ராவை அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் ஜெயசித்ரா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் முப்பிடாதி. இசக்கிராஜாவுக்குப் பெண் பார்க்கும் காலத்தில் முப்பிடாதியம்மாள் கரிவலம்வந்தநல்லூர்ப் பெண் ஒருத்தியை வேண்டாம் என்றிருந்தாள். பெண்ணிடம் குறை இல்லை. அவள் பெயரும் முப்பிடாதி. "எம் பேரைச் சொல்லியே ஒருத்திய ஏசணுமா? ஏசுனது எம்மேலதான வந்து விழும்?" இது காதுக்கு வந்ததால் ஜெயசித்ராவின் வீட்டார் கல்யாணப் பத்திரிகையில் ஜெயசித்ரா என்று மட்டும் போட்டார்கள். இசக்கிராஜாவுக்குத் தெரியும். ரேஷன் கார்டில் அவள் பெயரைச் சேர்ப்பதை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவள் யோசித்தாள். தன் மெயிலிலிருந்து அனுப்பினால் பெயர் ஜெயசித்ரா என்று போகும். சான்றிதழ் வேறு பெயர் சொல்லும். அதனால் பழைய பொது முகவரியிலிருந்து அனுப்பினாள். பதில் வந்தால் மாமாவுக்கு முன்னால் எழுந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். மாமாவுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் எழுந்ததில்லை.

அனுப்பிய விண்ணப்பங்களில் இதற்கு மட்டும்தான் அழைப்பு வந்திருக்கிறது. சொல்லாவிட்டால் வேலை போகும். சொன்னால் அத்தை.

"அது எனக்கு வந்தது மாமா" என்றாள்.

"ஒனக்கா? முப்பிடாதின்னுல்லா போட்டுருக்கு."

"நாந்தான் முப்பிடாதி."



"தப்புப் பட்டுவாடா" என்றார் சண்முகையா மெதுவாக. "சர்வீஸ்ல ஒரு கடுதாசி நான் மாத்திக் குடுத்ததில்ல." பெயரை மறைத்தது அவர் மனதில் பதியவேயில்லை.

முப்பிடாதியம்மாள் கையை உதறினாள். "அப்போ இத்தன நாளா நான் என்னையத்தான் ஏசிக்கிட்டு இருந்திருக்கேன்."

"சித்ரான்னுதான் ஏசுனீங்க அத்தை. அது கணக்குல வராது."

"வாயைப் பாரு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படி வரை போய்த் திரும்பினாள். "கரிவலத்துப் பிள்ளைய வேண்டாம்னுட்டேனே. அது டீச்சரு."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். ஜெயசித்ரா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"எதுக்குட்டி அழுத?"

"வேலை போயிட்டுல்லா அத்தை."

முப்பிடாதியம்மாள் கணவன் பக்கம் திரும்பினாள். "எம் பேருக்கு வந்த வேலைய வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

"நீதான சிரிச்ச?"

"சிரிச்சா வேண்டாம்னு அர்த்தமா? ஏட்டி, போனைப் போடு."

ஆஸ்பத்திரி மேலாளர் போனில் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். "ஒரே வீடு, ஒரே பேரு, ஒரே மெயிலு, ஆளு மட்டும் ரெண்டுங்கீங்க. சர்டிபிகேட் யாரோடதும்மா?"

"என்னோடது சார்."

"நேர்ல வாங்க. பார்த்துட்டுச் சொல்லுதேன்."

"நானும் வாரேன்" என்றாள் முப்பிடாதியம்மாள். "ரெண்டு பேரு இருக்கோம்னு காட்டணும்லா."

சண்முகையா சாயங்காலம் இன்னொரு மெயில் அனுப்பினார். 'சேர வேண்டியவர் கண்டுபிடிக்கப்பட்டார்.' மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

திங்கட்கிழமை தென்காசியில் மேலாளரின் மேஜை மேல் இரண்டு ஆதார் அட்டைகள் கிடந்தன. அவர் இரண்டையும் பார்த்தார். இருவரையும் பார்த்தார்.

"வேலைக்கு வந்தது?"

"இவ" என்றாள் முப்பிடாதியம்மாள். "நான் சர்க்கரை."

மேலாளர் சான்றிதழ்களைப் புரட்டினார். கேட்ட கேள்விகளுக்கு ஜெயசித்ரா சரியாகப் பதில் சொன்னாள். பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

"ரத்தம் எடுத்துக் காட்டுங்க."

"யாருக்கு சார்?"

மேலாளர் அங்கிருந்த ஊழியரைப் பார்த்தார். அவர் ஏதோ வேலையாக வெளியே போனார். முப்பிடாதியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நீட்டியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கையை மடக்குங்க அத்தை."

"அதிகாரமா?"

"விரலைத்தான் சொல்லுதேன்."

மடக்கினாள். ஜெயசித்ரா தடவித் தடவி நரம்பைத் தேடினாள். முதல் குத்திலேயே கிடைத்தது. குழாய் நிறைந்தது. பஞ்சை வைத்து அழுத்தினாள். மேலாளர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முடிஞ்சிட்டு அத்தை. கண்ணைத் தெறங்க."

"வேலை உண்டாமா?"

"இன்னும் சொல்லலை."

"சொல்லட்டும். பெறவு தெறக்கேன்."

ரத்தம் எடுக்க அங்கே அந்த ஒரு நாற்காலிதான். வாசல் வரை ஆட்கள் சீட்டோடு நின்றார்கள்.

"திங்கக்கிழமை கூட்டம் ஜாஸ்தி" என்றார் மேலாளர்.

"எனக்கு அவசரமில்ல" என்றாள் முப்பிடாதியம்மாள், நாற்காலியை விட்டு எழாமல்.