இரண்டு நாள் கழித்துக் கூட்டிவரச் சொன்னார்கள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. காது வலிக்காக ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டது. தோளில் தூங்கும் மகள், கையில் மருந்துப் பை. வாசல்வரை போன ஒருவர் திரும்பி வந்து, டோக்கன் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மிச்சத்தை அவரே சொன்னார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இரண்டு வயதுக் குழந்தையின் விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும்...’

(வேண்டாம். உங்களைக் கலங்கடிக்க அது சுலபமான வழி. அவர் லீவிலிருந்துதான் ஆரம்பித்தார்.)

அவருக்கு லேத் பட்டறையில் கடைசல் வேலை, இரவு ஷிப்ட். மனைவி பகலில் துணிக் கம்பெனியில் பேக்கிங். மகளுக்கு நிமோனியா. காய்ச்சலோடு காப்பகத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் மனைவி இரண்டு நாள் லீவு போட்டாள். மூன்றாவது நாளும் போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் மொத்தமும் போய்விடும். டாக்டர் பீஸ், எக்ஸ்ரே, மருந்து என்று வாடகைப் பணத்தில் பாதி ஏற்கெனவே கரைந்திருந்தது. அதனால் மறுபடி காட்டவேண்டிய அன்று, வேலை முடிந்து வந்த கையோடு இவர் மகளைத் தூக்கிக்கொண்டார். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. படியிறங்கும்போது மனைவி ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை.

“ராத்திரி மருந்து வயித்துல தங்குச்சா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

[இங்கே அவருக்காகத் தூக்கக் கலக்கம் என்றொரு சாக்கு எழுதி, அடித்துவிட்டேன். அவர் சாக்குச் சொல்லவில்லை.]

“தங்கலேன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு மொத நாளே சொல்லியிருந்தாங்க சார். அந்தப் பயத்துல, தங்குச்சுன்னு சொல்லிட்டேன்.”

டாக்டரம்மா மூச்சை எண்ணிப் பார்த்துவிட்டு, அதே மருந்தைக் கொடுக்கச் சொன்னார்.

வாசலில் போன் அடித்தது. “ராத்திரி ரெண்டு தடவையும் மருந்த வாந்தி எடுத்துட்டா. காலையில கத்துனேனே, டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“சொல்றேன்” என்றார். சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

3

உள்ளே போய், “பொய் சொல்லிட்டேன் டாக்டர்” என்றாராம். டாக்டரம்மா திட்டவில்லை. ஊசி போட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்.

“சேர்க்க வேணாம். ஆனா மூணு நாளைக்கு தினமும் ஊசி. பகல்ல ஒருத்தர் கண்ண எடுக்காம கூடவே இருக்கணும்.”

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “பகல் முழுக்க முழிச்சிருந்துட்டு ராத்திரி லேத்துல நின்னா விரல் போயிடும் சார்.”

(டாக்டர் பீஸே வாங்காமல் அனுப்பினார் என்று ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் வாங்கினார்கள், இரண்டாவது டோக்கனுக்கும் சேர்த்து.)

4

குழந்தை தேறிவிட்டாள். அதை மறைத்து உங்களைத் தவிக்கவிட மாட்டேன். அடுத்த வாரம் அதே கிளினிக்கில் நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

“அந்த மூணு நாள் யார் லீவு போட்டீங்க?” என்று கேட்டேன்.

“மொத நாள் அவ. ரெண்டாவது நாள் நான்.”

“மூணாவது நாள்?”

அவர், மகள் கழற்றி எறிந்த செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டார்.

மூன்றாவது நாளை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். எதையும் அவரிடம் படித்துக்காட்டத் துணிச்சல் வரவில்லை. உங்களிடம் விடுகிறேன். வீட்டில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்: நாளைக்கு யார் லீவு?