நனைவதற்கு ஓர் உடுப்பு

என் கணவர் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. எங்கே எது வழுக்கும், எது தீப்பிடிக்கும், யார் தலையில் எது விழும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது அவர் வேலை. அதனால் கடற்கரை ரிசார்ட்டில் நான்கு நாள் தங்கப் போகிறோம் என்று முடிவானதும், மற்ற வீடுகளைப் போல நாங்கள் பெட்டியை இறக்கித் துணியைத் திணிக்கவில்லை. முதலில் ஒரு கூட்டம் போட்டோம்.

கூட்டம் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. தலைவர் அவர். உறுப்பினர்கள் நானும், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் எங்கள் மகளும். ஆளுக்கொரு ஆறு பக்கப் பட்டியல் விநியோகிக்கப்பட்டது. வெயில், காற்று, மணல், பூச்சி என்று தனித்தனிப் பிரிவுகள். வெயிலுக்கு மட்டும் பதினான்கு சாமான்.

"எல்லாருக்கும் முழுக்கை. லினன் துணி. வெளிர் நிறமா இருக்கணும்," என்றார்.

"முதல் நாள் வெள்ளை, ரெண்டாம் நாள் நீலம், மூணாம் நாள் மஞ்சள்," என்றாள் மகள். "போட்டோல நாம ஒரே குடும்பம்னு தெரியணும்ப்பா."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது வெளியே தெரியாமல் போய்விட்டது போலும். நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் உட்காருகிறவள். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்க அனுப்பி வைப்பேன். வீட்டுக்கு வந்தால் என் வாய்க்கு அவ்வளவாக வேலை இருக்காது. சரி என்று தலையாட்டினேன்.

இரண்டு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினோம். மூன்று ஓலைத் தொப்பிகள் வந்தன. ஒவ்வொன்றும் போட்டுக்கொண்டு வாசலில் நுழைந்தால் இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டிய அகலம். எனக்குக் கால்விரல் வரை தொங்கும், வெள்ளையில் பூப்போட்ட கவுன் ஒன்று. "காத்துல அப்படியே பறக்கும் மேடம்," என்றாள் கடைப் பெண். அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

இந்த அமர்க்களத்துக்கு நடுவே என் கணவர் ஒரு தவறு செய்தார். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் தன் அக்காவிடம், பேச்சுவாக்கில், "நீயும் வாயேன்க்கா," என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் அண்ணி. தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்பார். அந்தத் தைரியத்தில்தான் நாங்களும் கூப்பிடுவோம். இந்த முறை, "சரி, வரேன்," என்றார்.

வீட்டில் கவலை சூழ்ந்தது.

"அக்காவுக்கு பீச்சுன்னா என்னன்னே தெரியாது. இந்த வெயில்ல ஸ்வெட்டரைப் போட்டுட்டு வந்து நிப்பாங்க," என்றார் இவர்.

"அத்தை எந்தக் கலர்ல வருவாங்க?" என்றாள் மகள். அவளுக்கு அவள் கவலை.

பட்டியலின் ஒரு பிரதி அண்ணிக்கு அனுப்பப்பட்டது. கிடைத்ததா என்று இவர் போனில் கேட்டார். "பாத்தேன்டா. கையெழுத்து நல்லாயிருக்கு," என்று பதில் வந்தது.

புறப்படும் நாளன்று எங்கள் தரப்பில் மூன்று பெரிய பெட்டிகளும் தொப்பிகளுக்கென்று தனி மூட்டை ஒன்றும் இருந்தன. அண்ணி தோளில் ஒரு துணிப்பையோடு வந்து காரில் உட்கார்ந்தார். பின்னால் வேறு ஏதும் வருகிறதா என்று இவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். வரவில்லை.

ரிசார்ட் அறையின் அலமாரியில் சன்ஸ்கிரீன், ரப்பர் செருப்பு, கொசு மருந்து, குடை, பெரிய துண்டு எல்லாம் எங்களுக்காகவே வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எங்கள் பட்டியலின் ஆறு பக்கத்தில் நான்கு பக்கம் அதற்குள் அப்படியே இருந்தது. என் கணவர் அலமாரியைத் திறந்து பார்த்து, மூடி, "நம்மளோடது தரமானது," என்றார்.

கடலில் அலை உயரம் என்று சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். யாரும் இறங்கக் கூடாது. அந்தக் கொடியைக் கண்டதும் இவர் முகத்தில் வந்த நிம்மதியை, கடலைப் பார்த்தபோதுகூட நான் காணவில்லை. எனவே கரையில் நின்று வெள்ளைப் படம் எடுத்தோம். காற்று மூன்று தொப்பிகளையும் மூன்று திசைக்குக் கொண்டுபோனது. கடைப் பெண் பொய் சொல்லவில்லை, என் கவுன் பறந்தது. ஒரு கையால் கவுனையும் மறு கையால் மகளையும் பிடித்துக்கொண்டு நான் நிற்க, இவர் தொப்பிக்காக ஓடி ஈர மணலில் விழுந்தார். வெளிர் நிறம் என்று அவர் எழுதியது அதோடு முடிந்தது.

உடம்பெல்லாம் மணல். பேசாமல் நீச்சல் குளத்தில் இறங்கிவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். குளத்துப் படியில் கால் வைத்ததும் விசில் கேட்டது. பாதுகாப்புக்கு நின்ற பெண் மரியாதையாகவே பேசினாள்.

"சார், இந்தத் துணியோட இறங்க முடியாது. நீச்சல் உடை போட்டுட்டு வாங்க."

"இது சுத்தமான லினன்மா."

"நல்ல துணிதான் சார். நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல போய் அடைச்சுக்கும். போர்டுலயே எழுதியிருக்கே."

எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் பலகை எழுதி மாட்டுகிறவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பையிலிருந்து பட்டியலை எடுத்துப் புரட்டினார். மூன்று பெட்டி நிறைய உடுப்பு இருந்தது. வெயிலுக்கும் காற்றுக்கும் பூச்சிக்கும் பதில் இருந்தது. கடற்கரைக்குப் போகிற மனிதர்கள் தண்ணீரில் இறங்கக்கூடும் என்பதை மட்டும் நாங்கள் யாருமே நினைக்கவில்லை.

அப்போது உடை மாற்றும் அறையிலிருந்து அண்ணி வந்தார். முட்டி வரை நீளும் கருநீல நீச்சல் உடை, தலையை இறுக்கிப் பிடித்த ரப்பர் தொப்பி, நெற்றியில் நீச்சல் கண்ணாடி. எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஏணியைப் பிடித்து இறங்கினார். கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்டு போகத் தொடங்கினார். அந்தக் கோடி வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். தண்ணீர் அவ்வளவாகத் தெறிக்கக்கூட இல்லை.

ஆறாவது சுற்றில் கரைக்கு வந்தவரிடம் இவர் குனிந்து, "அக்கா, உனக்கு எப்போ..." என்று இழுத்தார்.

"முட்டி வலிக்கு டாக்டர் சொன்னாரு. ரெண்டு வருஷமா வாரம் மூணு நாள் காலையில நகராட்சிக் குளத்துக்குப் போறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா பட்டியல் குடுத்திருப்ப," என்று சொல்லிவிட்டு அண்ணி ஏழாவது சுற்றுக்குப் போய்விட்டார்.

இவர் குடையின் கீழ் போய் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. தனியாக இருக்கிறாரே பாவம் என்று வாரா வாரம் டப்பாவில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, வாசலிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புவேன். காலையில் என்ன செய்கிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாவப்படுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

மறுநாள் காலையில் ரிசார்ட் கடைக்குப் போனேன். என் அளவில் ஒரே ஒரு நீச்சல் உடைதான் மிச்சம் இருந்தது. ஆரஞ்சு நிறம், மேலே பச்சைக் கிளிகள். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒன்றைப் போட்டுக்கொள்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை எங்கள் டாக்டரிடம் அனுப்பியிருப்பேன்.

"அம்மா, இன்னைக்கு நீலம்," என்றாள் மகள்.

"நீலம் குளத்துல இருக்கு," என்றேன்.

அண்ணி என்னை ஆழமில்லாத பக்கம் கூட்டிப்போனார். மல்லாக்கப் படு என்றார். முதுகுக்கடியில் கையைக் கொடுத்தார்.

"கழுத்தை ஏன் விறைச்சு வச்சிருக்க? தளர விடு."

"முழுகிட்டேன்னா அண்ணி?"

"எந்திரிச்சு நில்லு. இடுப்பளவுதான் தண்ணி."

மூன்று முறை முழுகி மூன்று முறை எழுந்து நின்றேன். மூக்கெல்லாம் எரிந்தது. நான்காவது முறை வானம் தெரிந்தது. அது அசையாமல் இருந்தது. நானும் அசையாமல் இருந்தேன். கிளிகள் எல்லாம் என்னோடு மிதந்தன.

கரையில் என் கணவர் வந்து நிற்பது ஓரக்கண்ணில் பட்டது. முழுக்கை நீலச் சட்டையில் குளத்தோரம் குனிந்து, கையை மேலும் கீழும் ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். முக்கியமான விஷயமாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு காதும் தண்ணீருக்குள் இருந்ததால் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.