வீரை மரத்துக்கு வந்த பிரசாதம்

வாடிப்பட்டிக்கு மேற்கே, நெல்வயலும் தென்னந்தோப்பும் முடிந்து செம்மண் மேடு தொடங்கும் இடத்தில் கொன்றைக்குளத்து ஐயனார் கோவில் காடு இருக்கிறது. மூன்றே ஏக்கர். நான்குவழிச் சாலையில் பேருந்தில் விரைகிறவன் கண்ணுக்கு அது ஒரு கரும்பச்சைத் திட்டு. திரும்பிப் பார்ப்பதற்குள் மறைந்துவிடும். ஆனால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எல்லைக்கல்லைத் தாண்டியவன் பேச்சை நிறுத்திவிடுவான். வெளியே வெயில் மண்ணைப் பொரிக்கும்போது உள்ளே நடுப்பகலில் அந்தியின் நிறம். காலடியில் தலைமுறை தலைமுறையாக விழுந்து மட்கிய இலை மெத்தை. ஆளுயரப் புற்றுகள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கும் ஆறுமணிக்குருவி, காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கூவித் தன் வரவைச் சொல்லும்.

அந்தக் காட்டின் சட்டம் ஒன்றே ஒன்று. அங்கிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக்கூடாது. காடு நீங்கும்போது ஆண்கள் வேட்டி மடிப்பை அவிழ்த்து உதற வேண்டும். பெண்கள் முந்தானையை உதற வேண்டும். ஒட்டிக்கொண்ட இலையும் உள்ளேயே விழ வேண்டும். காவலர் இல்லை, வேலி இல்லை, அபராதம் இல்லை. அடுப்புக்கு விறகில்லாமல் பட்டினி கிடந்த பஞ்சகாலத்திலும் அந்தச் சட்டத்தை ஒருவரும் மீறவில்லை. அச்சத்தால் காத்தார்களா, அன்பால் காத்தார்களா என்று ஆராயலாம். காத்தார்கள் என்பதை மறுக்க யாராலும் முடியாது!

அப்படிப்பட்ட ஊர்தான் அந்தக் காட்டின் பெரிய மரத்தை வெட்டத் துணிந்தது.

ஐயனார் சிலைக்கு நேர் எதிரே நின்ற வீரை மரம் அது. பல மரங்களை ஒன்றாக முறுக்கிப் பிழிந்ததுபோல் வரிவரியாகப் புடைத்த அடிமரம். நான்கு பேர் கைகோத்தால்தான் சுற்ற முடியும். அதன் பள்ளங்களில் ஒரு குழந்தை ஒளிந்து நிற்கலாம். கோவிலுக்கு முன்னே கான்கிரீட் மண்டபம் கட்டவேண்டும், மரம் குறுக்கே நிற்கிறது. கோவில் கமிட்டித் தலைவர் நல்லகாமன் ஒரு வழி கண்டுபிடித்தார். வெட்டிய மரத்தை வெளியே கொண்டு போனால்தானே குற்றம்? மண்டபத்துக்கே கதவாகவும் நிலையாகவும் செய்துவிட்டால்? சுள்ளியை மதித்தவர்கள், சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதன் உயிரை விட்டார்கள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, கோவில் வாசலில் ஊர்க்கூட்டம். வார்டு உறுப்பினர் இருளாயியும் வந்திருந்தாள். நல்லகாமனுக்குச் சித்தப்பா மகள், நாற்பத்தைந்து வயது, எதையும் முகத்துக்கு நேரே கேட்பவள். அவளருகே, மதுரை சிம்மக்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் வந்த இந்துப்ரியா உட்கார்ந்திருந்தாள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. இரண்டு ஆண்டுகளாக இந்தப் பக்கத்துக் கோவில் காடுகளில் மரங்களைக் கணக்கெடுத்து வருபவள்.

"வருசா வருசம் பூக்குது. ஒரு காய் உண்டா?" என்றார் நல்லகாமன். "எங்கப்பன் பாத்ததில்ல, அவுகப்பன் பாத்ததில்ல. மலட்டு மரத்தச் சாமி முன்னால வச்சுக்கிட்டு..."

பாதியில் நின்றுவிட்டார். கூட்டத்தின் கண்களெல்லாம் இருளாயியின் பக்கம் திரும்பி, உடனே தரையைப் பார்த்தன. பிள்ளை இல்லை என்று அவளை விட்டுவிட்டு அவள் கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டதும், அங்கும் பிள்ளை பிறக்காததும் ஊரறிந்த செய்தி.

"ஏண்ணே நிறுத்திட்டீக? சொல்லுங்க. அந்தப் பேரு எனக்கொண்ணும் புதுசில்ல. என்னையும் வெட்டிக் கதவு செய்யலாமான்னு கமிட்டியில பேசிட்டீகளா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. நல்லகாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்துப்ரியா எழுந்தாள். "இது மலடு இல்லீங்க. இது பொம்பள மரம். பனையில ஆண்பனை, பெண்பனை இருக்குல்ல? அதே மாதிரி வீரையிலயும் ஆண் தனி, பெண் தனி. இதுக்குத் துணையா நின்ன ஆண்மரம் எந்தக் காலத்துலயோ விழுந்துபோச்சு. மகரந்தம் வராம எப்படிக் காய்க்கும்? நான் பாத்த அம்புட்டுக் காட்டுலயும் வீரை ரெண்டே ரெண்டுதான் மிச்சம். ஒண்ணு இங்க நிக்குது."

"அப்ப மாப்ள பாக்க வந்திருக்கீகளா டீச்சர்?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"மாப்ளயப் பாத்தாச்சு. வெள்ளூரணிக் காட்டுல இருக்கு."

சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. வெள்ளூரணி பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவில் முதல் மரியாதை எந்த ஊருக்கு என்று எழுந்த சண்டையில் மண்டைகள் உடைந்தன. அன்றிலிருந்து பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, ஒருவர் சாவுக்கு ஒருவர் போவதுமில்லை. ஒரு முழம் பரிவட்டத் துணிக்காக இரண்டு ஊர்கள் இத்தனை உறவுகளை அறுத்துக்கொண்டன!

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆடி பொறக்குற வரைக்கும் கோடாலி எடுக்க மாட்டோம். காய்ச்சா மரம் நிக்கட்டும், மண்டபம் தள்ளிப் போகட்டும். காய்க்கலேன்னா?"

"காய்க்கலேன்னா மரத்தச் சாய்க்க மொதக் கயித்த நானே கட்டுறேன்," என்றாள் இருளாயி.

பங்குனிக் கடைசியில் இரண்டு மரங்களும் பூத்தன. பச்சையும் மஞ்சளும் கலந்த, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய பூக்கள். பத்து நாளில் உதிர்ந்துவிடும். இந்துப்ரியா தனியாக வெள்ளூரணிக்குப் போனாள். சட்டம் அங்கேயும் அதே சட்டம் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு பூங்கொத்தைக் கிள்ளிக் கைப்பைக்குள் வைத்தாள். எல்லைக்கல்லருகே பூசாரி காளை விளக்குமாற்றுடன் நின்றார்.

"முந்தானைய உதறும்மா. பையையும்."

பையைக் கவிழ்த்தாள். பேனா விழுந்தது, சாவி விழுந்தது, பூங்கொத்தும் விழுந்தது.

"படிச்ச பிள்ளை செய்யிற வேலையா இது?" காளை கத்தவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

மதுரை திரும்பும் வழியில், விளாங்குடி தாண்டும் முன்பே வண்டியை ஓரங்கட்டி இருளாயிக்குப் போன் செய்தாள். "அக்கா, கெடுத்துட்டேன். கேக்காம எடுத்தது என் தப்பு. இன்னும் ஆறு நாள்தான் பூ நிக்கும்."

மறுநாள் விடியலில் இருளாயி புறப்பட்டாள். பதினைந்து ஆண்டுகளில் கொன்றைக்குளத்திலிருந்து வெள்ளூரணிக்குள் வைத்த முதல் அடி அவளுடையது. டீக்கடையில் பேச்சு நின்றது. ஒரு கிழவர் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவள் யாரையும் பார்க்காமல் நேராகக் காட்டு எல்லைக்கு நடந்தாள். காளை உள்ளே சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு தாயி?"

"கொன்றைக்குளம். நல்லகாமன் தங்கச்சி."

விளக்குமாறு நின்றது. "நேத்து வந்த பிள்ளை ஒங்க ஆளா?"

"ஆமாண்ணே. அது திருடுனது தப்புத்தான். நான் கேக்க வந்திருக்கேன்."

எதைக் கேட்கிறாள் என்பதை அவள் சொல்லச் சொல்ல, காளையின் பார்வை மெல்ல மேலே போயிற்று. அவளும் நிமிர்ந்தாள். அப்போதுதான் அந்த ஓசை அவளுக்குக் கேட்டது. மரமே முணுமுணுப்பதுபோல ஓர் ஓசை. கிளை கிளையாக, கொத்துக் கொத்தாக, ஆயிரமாயிரம் சிறு பூக்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கொசுவளவே இருக்கும் தேனீக்கள். வெயில் ஒரு கீற்றாக இறங்கிய இடத்தில் மகரந்தம் பொன்தூளாக மிதந்தது. இருளாயிக்கு உடல் சிலிர்த்தது. கைகூப்பக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, வெறுமனே நின்றாள். இத்தனை பூவும் ஒரு காய்க்காக. அந்த ஒரு காய்க்கு வழியில்லாமல் எத்தனை பங்குனிகள்!

"முப்பது வருசமா இந்தப் பூவக் கூட்டி அள்ளுறேன்," என்றார் காளை. "கூடை கூடையா கொட்டுது. யாருக்காகப்பா இம்புட்டும் பூக்குறன்னு கேட்டிருக்கேன். இதுக்கு ஒரு சோடி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே."

"இருக்குண்ணே. ஆடி வரைக்கும்தான் இருக்கும்."

காளை சருகுக் குவியலைப் பார்த்தபடி நின்றார். "இங்கருந்து ஒரு இலை வெளிய போகாது தாயி. நானே நெனச்சாலும் விட முடியாது." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "போறது ஒண்ணுதான். சாமி குடுத்தா அது போகும்."

கைகால் கழுவி வந்தார். எக்கி, பூ நிறைந்த நான்கு கொத்துகளைக் கிள்ளினார். ஐயனார் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். சுடர் அடங்கியதும் கொத்துகளை எடுத்து அவள் முந்தானையில் இட்டார்.

"இது எங்க சாமி ஒங்க சாமிக்குக் குடுத்துவிட்ட பிரசாதம். கீழ வைக்காமக் கொண்டுபோ."

எல்லைக்கல்லருகே, வாழ்நாள் பழக்கத்தில், இருளாயியின் கை முந்தானையை உதறப் போயிற்று.

"உதறாத தாயி!"

அந்தக் காட்டிலிருந்து மடி உதறாமல் ஒருத்தி வெளியேறியது அதுவே முதல் முறை. கல் கொடுத்ததா, கனிந்த நெஞ்சு கொடுத்ததா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். சட்டத்தின் எழுத்துக்குள் நின்றே அதன் உயிரைக் காப்பாற்றிவிட்டார் ஒரு பூசாரி.

பேருந்தில் இடம் கிடைத்தும் இருளாயி உட்காரவில்லை. கூட்டம் இடித்துவிடக்கூடாதென்று முந்தானையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியருகே நின்றே வந்தாள். கொன்றைக்குளத்துக் காட்டில் இந்துப்ரியா ஏணியும் செம்புகளில் தண்ணீருமாகக் காத்திருந்தாள். கொத்துகளைச் செம்புகளில் நிறுத்தி, பூத்த கிளைகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டார்கள்.

"இனி?" என்றாள் இருளாயி.

"இனி நம்ம வேலை இல்லக்கா."

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு தேனீ வந்தது. செம்பிலிருந்த பூவில் இறங்கிப் புரண்டு, கால்களில் மஞ்சள் அப்பிக்கொண்டு, பக்கத்துக் கிளையின் பூவில் உட்கார்ந்தது. எள்ளளவு உடம்பு. பரிவட்டம் யாருக்கென்று அதற்குத் தெரியாது. எந்த ஊர் எந்த ஊரோடு பேசாது என்று தெரியாது. பதினைந்து ஆண்டுகள் இரண்டு ஊர்களின் பெரியவர்கள் கூடிக்கூடித் தாண்ட முடியாத தூரத்தை அது ஒரு முழத்தில் தாண்டிவிட்டது. இரண்டாவது வந்தது. பத்தாவது வந்தது. இரண்டு பெண்களும் ஏணியடியில் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்திரையில் பூ உதிர்ந்தது. கிளைகளில் எதுவும் தெரியவில்லை. "என்ன தங்கச்சி, கயிறு வாங்கவா?" என்று நல்லகாமன் வழியில் மறித்துக் கேட்டார். இருளாயி அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வைகாசிக் கடைசியில், செம்பு கட்டியிருந்த கிளைகளில் மட்டும், மிளகளவு பச்சை மணிகள் தெரிந்தன. பாதி கோடைக்காற்றில் உதிர்ந்தன. மீதி நின்றன.

ஆனி முடிய நான்கு நாள் இருக்கும்போது, கோவிலுக்கு விளக்கேற்றப் போன நல்லகாமன் நெடுநேரமாகியும் திரும்பவில்லை. தேடிப் போன இருளாயி, அவர் மரத்தடியில் அண்ணாந்து நிற்பதைக் கண்டாள். தோளில் கிடந்த துண்டு அவர் கைக்கு வந்திருந்தது. மேலே, கருத்த இலைகளுக்கிடையே, குங்குமச் சிவப்பில் பழங்கள். குயிலொன்று ஒரு பழத்தை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவியது.

"எத்தனை தலைமுறையா இங்க நின்னுருக்கு தங்கச்சி," என்றார் அவர். "காய்க்கலன்னு சொன்னோமே தவிர, ஏன் காய்க்கலன்னு ஒருத்தனும் கேக்கலையே."

பெண்ணைப் பழித்த ஊர் ஆணைத் தேடவில்லை. அது மரத்துக்கு மட்டும் நேர்ந்ததா என்ன? நல்லகாமன் அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்து, உதிர்ந்து கிடந்த பழங்களைப் பொறுக்கலானார்.

ஆடி முதல் நாள் கோடாலி வரவில்லை. மண்டபத்துக்கு ஊர்ச்சாவடிக்குப் பின்னால் இடம் அளந்தார்கள். இந்துப்ரியா தொட்டிகளில் ஊன்றிய விதைகள் காட்டுக்குள்ளேயே ஐயனார் நிழலில் வரிசையாக இருந்தன. மிச்சம் ஒரு கையளவு பழம். நல்லகாமன் அவற்றைச் சாமி காலடியில் வைத்தார். கொன்றைக்குளத்துப் பூசாரி சூடம் காட்டியதும் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினார். வேட்டி மடிப்பை உதறவில்லை.

வெளியே இந்துப்ரியாவின் ஸ்கூட்டரைக் கடன் வாங்கி இருளாயி காத்திருந்தாள். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"வெள்ளூரணியில உள்ள விடுவாங்களா?" என்றார்.

"பிரசாதத்த வேணாம்பாகளா? கையை மூடிக்கங்கண்ணே. காத்து அடிக்கும்."

அவர் கைகளை மூடிக்கொண்டார். வண்டி செம்மண் மேட்டில் இறங்கி, வெள்ளூரணிச் சாலைக்குத் திரும்பியது.