பதினாலாம் வரிசைப் போர்வைகள்

வெல்டன் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். பக்கத்துப் பண்ணையில் களஞ்சியம் தீப்பிடித்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஆனால் அந்த ஊரில் எதையாவது மாற்றலாமா என்று வாயைத் திறந்துவிட்டால் போதும், அதே ஆட்கள் ஒற்றைக்காலில் நிற்பார்கள். தபால் ஆபீஸ் முன்னால் சிக்னல் விளக்கு வைத்துப் பதினொரு வருடம் ஆகிறது. இன்றைக்கும் பச்சை எரியும்போது வண்டியை நிறுத்தி, குறுக்கே வருகிறவருக்குக் கையைக் காட்டி, நீங்கள் போங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று உபசாரம் செய்துகொண்டிருக்கிறார்கள். நெப்ராஸ்காவில் இதைவிடப் பிடிவாதமான ஊர் இருந்தால் ட்வைலாவுக்கு யாராவது காட்டட்டும்.

ட்வைலாவும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். வெல்டன் கல்லூரியில் விளையாட்டுத் துறைக்குத் தலைவி. ஐம்பத்தேழு வயது. கல்லூரி மைதானத்தின் மேற்குக் கேலரியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று போன மார்கழியில் அவள்தான் ஊருக்குச் சொன்னாள். அன்றோடு அவளுக்கு வணக்கம் சொல்வதைப் பாதி ஊர் நிறுத்திக்கொண்டது.

அந்தக் கேலரி முழுக்க மரம். இருபது வரிசை. இடங்களுக்கு நம்பர் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அந்த ஆட்டம், என்றால் வியாழக்கிழமையே ஆளுக்கொரு போர்வையைக் கொண்டுவந்து தங்கள் இடத்தில் விரித்துவிட்டுப் போவார்கள். ஒட்டுத்துணிப் போர்வை, ராணுவக் கம்பளி, நாய் படுக்கிற துணி, எதுவானாலும் சரி. விரித்த போர்வையை இன்னொருவர் தொடக்கூடாது. ஊரில் பைபிளுக்கு மாற்றுக் கருத்து உண்டு, இதற்குக் கிடையாது. ஒருமுறை பாதிரியார் தெரியாமல் ஒரு போர்வையை நாலு விரல் அகலம் தள்ளி உட்கார்ந்துவிட்டார். அடுத்த மூன்று ஞாயிறு பிரசங்கத்துக்குக் கூட்டமே இல்லை.

கேலரி உளுத்துவிட்டது என்று இன்ஜினியர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ட்வைலா ஊருக்குச் சொன்ன காரணம் அதுதான். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அது அவள் புருஷன் வெர்னன்.

நாலு வருடத்துக்கு முன்னால் சோளக் குதிரின் ஏணியிலிருந்து வெர்னன் வழுக்கி விழுந்தான். அதிலிருந்து சக்கர நாற்காலிதான். அதுவரை முப்பத்தெட்டு வருடம் பதினாலாம் வரிசையில், கூட்டாளிகள் ஐந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன். பார்த்தவன் என்று சொல்வது தப்பு, கத்தியவன். ரெஃப்ரியைத் திட்டி அவன் போடுகிற கூப்பாடு எதிர் கேலரியில் கேட்கும். ட்வைலா மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வாள். விழுந்த பிறகு மேலே ஏற வழியில்லை, கேலரியில் சாய்தளமோ லிஃப்டோ கிடையாது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்று கூட்டாளிகள் வந்தார்கள். "நான் என்ன மாட்டுத் தீவன மூட்டையாடா?" என்று விரட்டிவிட்டான். அதன் பிறகு மைதானத்தின் கோடியில், வேலிக்கு வெளியே, தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோவில் வர்ணனை கேட்டபடி பார்ப்பான். வண்டிக்குள் அவன் கத்துவதில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது. ட்வைலாவுக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை.

புதுக் கேலரியில் ஒரு சாய்தளம் வளைந்து ஏறி, எட்டாம் வரிசைக்கு நட்டநடுவில் ஒரு சமதளத்தில் போய் முடியும். வரைபடத்தில் அந்தச் சதுரத்தைத் தன் கையாலேயே பென்சிலில் போட்டவள் அவள். ஆனால் வெர்னன் கறாராகச் சொல்லியிருந்தான்: "எனக்காகன்னு எவன்கிட்டயாவது சொன்ன, நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். ஊர் எனக்குப் பிச்சை போட வேண்டாம்."

அதனால் தீயணைப்பு நிலையத்தில் நடந்த ஊர்க்கூட்டத்தில் அவள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சில்லி என்கிற கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக எழுந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் வறுத்தார்கள். முன்னால் நின்றவன் ஹார்லன். வெர்னனுக்குச் சின்ன வயதுக் கூட்டாளி, ட்வைலாவையும் சேர்த்து மூவரும் ஒரே பள்ளிக்கூடம்.

"எங்க தாத்தா உக்காந்த பலக, எங்கப்பா உக்காந்த பலக. இப்ப நான் போயித் தகரத்துல உக்காரணுமாக்கும்? அதுவும் நம்பர் போட்டு? நான் என்ன ஜெயிலுக்கா போறேன்?"

"பலகை உளுத்துப்போச்சு ஹார்லன்."

"நானுந்தான் உளுத்துப்போயிட்டேன். இடிச்சிருவியா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ட்வைலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் எரிச்சல்.

ஆனாலும் முடிவு கல்லூரியுடையது. மே மாதம் இரண்டாம் திங்கட்கிழமை இடிப்பதாக ஏற்பாடு. செப்டம்பர் முதல் ஆட்டத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த வருட ஆட்டம் முழுக்கப் பரம எதிரி ஊரின் மைதானத்தில் நடக்கும். அந்த மைதானத்தில் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்க வேலியோரம்கூட இல்லை. வெர்னன் வீட்டில்தான் கிடக்க வேண்டும்.

திங்கள் காலை ஏழு மணிக்கு ட்வைலா போனபோது வேலையாட்கள் பன்னிரண்டு பேரும் தலைக்கவசத்தோடு புல்லில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கர்ட், இன்னும் ஆரம்பிக்கலையா?"

மேஸ்திரி கர்ட் தாடையால் கேலரியைக் காட்டினான். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இருபது வரிசையும் போர்வை. ஒரு சாண் மரம் வெளியே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ஊரே வந்து விரித்துவிட்டுப் போயிருக்கிறது.

"எடுத்து மடிச்சு வைக்க வேண்டியதுதானே?"

"நீங்க நல்லாருக்கணும் மேடம்," என்றான் கர்ட். "அதுல மூணாவது வரிசையில கெடக்கிறது என் மாமியாரோடது. தொட்டுட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?"

ஒருத்தனும் அசையவில்லை. எல்லாரும் உள்ளூர் ஆட்கள். இத்தனைக்கும் சம்பளம் கல்லூரி கொடுக்கிறது. ட்வைலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நானே எடுக்கிறேன் என்று விறுவிறுவென்று முதல் வரிசைக்குப் போனாள். நீலமும் மஞ்சளுமாக ஒரு ஒட்டுத்துணிப் போர்வை. கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது. இன்னொரு முறை நீட்டினாள். சொன்னால் சிரிப்பீர்கள், அந்தக் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஐம்பத்தேழு வருடப் பழக்கம் விரலைப் பிடித்து இழுத்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் ஹார்லன். மடக்கு நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டிருந்தான். கூட்டாளிகள் நாலு பேர், அவர்கள் பெண்டாட்டிகள், இன்னும் ஒரு இருபது பேர். மடியில் கசகசா வைத்த கோலாச்சி ரொட்டிகள் நிறைந்த டப்பா. வேடிக்கை பார்க்கத் தயாராக வந்திருந்தார்கள்.

"ஒமாஹாலேருந்து ஆளக் கூட்டிட்டு வா ட்வைலா. நம்ம ஊர்ல இது நடக்காது," என்றான்.

ஒமாஹா நகரத்து ஆட்களுக்கு ஜூலை வரை நேரமில்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ட்வைலா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டியது. அந்தப் பென்சில் சதுரம் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த மடப்பயல்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்ல முடியவில்லையே என்று உள்ளுக்குள் கொதித்தாள். கொதித்தபடி குனிந்தபோது, இரண்டு படிப் பலகைகளின் இடைவெளி வழியாகக் கேலரியின் அடிப்பகுதி தெரிந்தது. பலகையைச் சட்டத்தோடு பிணைத்த போல்ட்டுகளின் நட்டு மறைகள் எல்லாம் கீழ்ப்பக்கம் இருந்தன.

மெதுவாக எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹார்லன், எனக்கு ஒரு சந்தேகம். நம்ம போர்வை விதி என்ன? சரியாச் சொல்லு."

"ஏன், மறந்துருச்சா? விரிச்ச போர்வைய அது கெடக்கிற பலகையிலருந்து எவனும் எடுக்கக் கூடாது, நகத்தக் கூடாது."

"பலகையிலருந்து."

"பலகையிலருந்து."

"இத்தன பேரும் கேட்டீங்கல்ல? கர்ட், ஆளுங்களக் கீழ அனுப்பு. மறையைக் கழட்டி, போர்வையோட பலகையத் தூக்குங்க. பயிற்சி மைதானத்துல இதே வரிசையில கொண்டுபோய் வைங்க. ஒரு போர்வையும் பலகைய விட்டு ஒரு விரக்கட நகரக் கூடாது."

கர்ட் அவளைப் பார்த்தான். ஹார்லனைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் பரவிய சந்தோஷம் இருக்கிறதே, விடுமுறை விட்ட பிள்ளைக்குத்தான் அப்படி வரும். பன்னிரண்டு பேரும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கேலரிக்கு அடியில் புகுந்தார்கள்.

முதல் பலகை நாலு போர்வைகளோடு பல்லக்கு மாதிரி புறப்பட்டது. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. சட்டம் பேச எவருக்கும் வழியில்லை. மூன்றாம் வரிசைப் பலகை போகும்போது ஒரு பக்கம் தாழ்ந்தது, கூட்டத்திலிருந்து கர்ட்டின் மாமியார் பாய்ந்து எழுந்தாள்.

"நேராப் பிடிங்கடா! சரியுது பாரு! இதுக்குத்தான் இவனுக்குப் பொண்ணு குடுக்க வேணாம்னேன்!" ஓடிப்போய் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். தன் போர்வை கிடக்கிற பலகையை அடுத்தவன் தூக்குவதை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். போன் பறந்தது. பத்து மணிக்கு மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார்கள், மதியத்துக்குள் பாதிரியாரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பக்கம் ஏத்து", "உன் இடுப்ப வளைடா", "என் கம்பளி மேல கைய வைக்காத" என்று ஒரே கூச்சல். எவர் இடிக்கக் கூடாது என்று கொடி பிடித்தார்களோ அவர்களே பலகை பலகையாகப் பிரித்துச் சுமந்தார்கள். ட்வைலா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் விலா வலித்தது.

மூன்று மணிக்குப் பதினாலாம் வரிசை வந்தது. ஹார்லன் தன் பலகைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். கட்டைவிரல் பலகைக்குள் புதைந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினான். அங்கேயும் கேக்கில் போவதுபோல் போனது. தாத்தா உட்கார்ந்த பலகை என்று தானும் தன் பேரப்பிள்ளைகளும் எதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தபோது அவன் முகம் வெளுத்தது. அதைச் சுமந்துகொண்டு போய் வைத்துவிட்டு, ட்வைலாவின் வண்டிக்கு வந்தான்.

"அந்தப் படத்தக் குடு. என்னதான் கட்டுறீங்கன்னு பாப்போம்."

முதல் தடவையாகப் பார்த்தான். விரல் சாய்தளத்தின் மேல் ஏறி, எட்டாம் வரிசைச் சதுரத்தில் நின்றது.

"இது என்ன, நடுவுல காலியா விட்டிருக்க?"

ட்வைலா எங்கேயோ பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"வெர்னனுக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லல ஹார்லன். சொல்லக் கூடாதுன்னு அவன் சொல்லியிருக்கான்."

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "உங்களவிட ரேடியோ தேவலன்னு சொன்னான் ட்வைலா. நாலு வருஷமா அத நெசம்னு நம்பிட்டு மேல உக்காந்திருந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்." படத்தைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தான். "இந்த ஆளுங்க தூக்குற வேகத்தப் பாத்தா கிறிஸ்துமஸ் வந்துரும். நகரு."

அவரவர் பலகையை அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேலை ஓடியது. ஆகஸ்ட் கடைசியில் கேலரி பளபளவென்று நின்றது. தகரம் என்று சிலர் முனகினார்கள், நம்பரை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஆனால் முதல் ஆட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மாலை ட்வைலா போய்ப் பார்த்தாள். எல்லாரும் பழைய கணக்குப்படியே போர்வை விரித்திருந்தார்கள். ஹார்லனும் மற்ற நாலு பேரும் பதினாலாம் வரிசையில். எட்டாம் வரிசைச் சமதளத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும், பழைய கணக்கில் யாருக்கும் சொந்தமில்லாத புது இடம், வெறும் அலுமினியம். போர்வை இல்லாத இடமே அது ஒன்றுதான். ஊரே பார்க்க, வெர்னன் அந்தப் பொட்டலில் தனியாக உட்கார வேண்டும். இதற்காகவா இத்தனை பாடு என்று இருந்தது. ஹார்லனிடம் போய்க் கேட்கவும் மனம் வரவில்லை. கேட்டு வாங்கினால் அது பிச்சை, வெர்னன் சொன்னதுதான்.

சனிக்கிழமை வெர்னன் முனகிக்கொண்டே வந்தான். "பத்து நிமிஷம். அப்புறம் நான் வண்டிக்குப் போயிருவேன்." சாய்தளத்தில் தானே தள்ளிக்கொண்டு ஏறினான். அவள் பின்னாலேயே போனாள், கைகொடுக்கவில்லை. கொடுத்தால் கடிப்பான். சமதளத்தில் போய் நின்று, இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

அப்போது படி அதிர ஐந்து பேர் வந்தார்கள். கையில் சில்லிக் கிண்ணம், கோலாச்சி டப்பா, இடுப்பில் தண்ணீர் பாட்டில். நேராக எட்டாம் வரிசைக்குள் புகுந்து, மூன்று பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், வெறும் அலுமினியத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"ஐயோ, ஜில்லுனு இருக்குடா!" என்று கத்தினான் ஹார்லன். "டேய் வெர்னன், கால நகத்து. நாலு வருஷமா ஒரு முழு வண்டிய ஒத்தையா ஆண்டுட்டு இங்கயும் இடத்த அடைக்கிறான் பாரு."

"உங்க போர்வைதான் மேல கெடக்கே," என்றான் வெர்னன்.

"கெடக்கட்டும். அது எங்க எடம். காலி பண்ணிட்டு வந்தா நாளைக்கு எவனாவது உக்காந்துருவான். நாப்பது வருஷ எடத்த விட்டுக்குடுக்க நாங்க என்ன பைத்தியமா?"

மேலே, பதினாலாம் வரிசையில் ஐந்து போர்வைகள் ஆளில்லாமல் விரிந்து கிடந்தன. சுற்றிலும் ஊர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஒருத்தரும் அவற்றைத் தொடவில்லை.

ட்வைலா தன் வேலையைப் பார்க்கக் கீழே இறங்கி மைதானத்தின் ஓரத்துக்குப் போனாள். ஆட்டம் ஆரம்பித்தது. இரண்டாம் கால்பகுதியில் வெல்டன் பையன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டோரமாக ஓடினான். கேலரி எழுந்து நின்றது. ரெஃப்ரி விசில் ஊதிக் கோட்டைக் காட்டினார். கால் கோட்டைத் தாண்டிவிட்டது என்று தீர்ப்பு. அது இரண்டடி தள்ளி நின்றிருந்த ட்வைலாவுக்கே தெரிந்தது, கால் முழுக்க வெளியேதான் இருந்தது.

மூவாயிரம் பேர் சத்தத்துக்கு மேலே, மேற்குக் கேலரியின் நடுவிலிருந்து, ஒரு குரல் கிளம்பியது.

"யோவ் வரிக்குதிரை! கண்ணாடிய வீட்ல கழட்டி வச்சிட்டு வந்துட்டியா? உன் பொண்டாட்டிக்குப் போனப் போட்டுக் கேளுய்யா, கோடு எங்க இருக்குன்னு அவ சொல்லுவா!"

எதிர் கேலரி திரும்பிப் பார்த்தது. ரெஃப்ரி, பாவம், தன் கோடு போட்ட சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு ட்வைலாவிடம் வந்து, "யாரு மேடம் அது? கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா?" என்றார்.

"என் வீட்டுக்காரருங்க," என்றாள் ட்வைலா. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. "மன்னிச்சுக்கங்க. இனிமே எல்லா வாரமும் இப்படித்தான் கத்துவாரு."