பதினான்காம் கேள்வி

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. முப்பத்தெட்டு வயதில் மாலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்க வந்தவளுக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. உண்மைதானே. எதிராளி வாயைத் திறப்பதற்குள் இவள் பதிலைச் சொல்லி முடித்திருப்பாள்.

ஆனால் ஆய்வு முறைகள் பாடத்தில் அந்தப் பருப்பு வேகவில்லை. வீட்டில் ஒருவரைப் பேட்டி எடுத்துப் பதிவு செய்து வாருங்கள் என்றார் ஆசிரியை. அவள் கணவரை உட்கார வைத்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், திக்கித்தான் பேசுவார். பதினான்காம் கேள்வி: பொதுக் காரியத்துக்காக எந்த அலுவலகத்திலாவது கோரிக்கை வைத்திருக்கிறீர்களா? பதிவில் அவர் குரல் "வ..." என்று தொடங்குகிறது. உடனே இவள் குரல்: "நீங்க எங்க போகப் போறீங்க? இல்லைன்னு போட்டுக்கறேன்."

ஆசிரியை பதிவை நிறுத்தினார். "இது யாரோட பதில்?"

வகுப்பு சிரித்தது. இவளும் சிரித்துப் பார்த்தாள். ஆசிரியை சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க. அதுலயும் நீங்களே பதில் சொன்னீங்கன்னா களத்துக்குப் போற குழுவுல உங்க பேர் இருக்காது. மத்தவங்க கொண்டு வர்ற படிவத்தை இங்க உட்கார்ந்து டைப் பண்ணலாம்."

களத்துக்குப் போவதற்காகவே படிக்க வந்தவள். அவளுக்கு இது அநியாயமாகப் பட்டது. கணவர் பேச்சை முடித்துக்கொடுப்பது பதினாறு வருடப் பழக்கம். கடைக்காரரிடம், டாக்டரிடம், சொந்தக்காரர்களிடம். கட்டினவர் ஒரு சொல்லுக்குத் திண்டாடும்போது சும்மா வேடிக்கை பார்க்க எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணி மலையாகக் கிடந்த கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். போன் நடுவில். பதின்மூன்று கேள்விகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பதினான்காவதைப் படிவத்தில் இருந்தபடியே வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"வ... வ..."

வழக்கமாக அவள் நுழையும் இடம். நாக்கு துறுதுறுத்தது. ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"வ... வச்சிருக்கேன்," என்றார் அவர். "முனிசிபல் ஆபீஸ்ல. நா... நாலு தடவை போனேன். கிளாஸ் முடிஞ்சு நீ இறங்குற பஸ் ஸ்டாப் இருட்டா இருந்துச்சுல்ல. அங்க லை... லைட்டு போடச் சொல்லி."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விளக்கைப் பற்றி அவள் கட்டுரையே எழுதியிருக்கிறாள். தேர்தல் நெருங்குவதால்தான் போட்டார்கள் என்று காரணம் காட்டி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள்.

"யார்கிட்ட பேசினீங்க?" நல்லவேளை, அடுத்த கேள்வியே அதுதான்.

"க... கவுண்டர்ல ஒரு அம்மா. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்தாங்க."

படிவம் முடிந்தது. பேட்டி எடுப்பவர் நன்றி சொல்லிவிட்டு எழ வேண்டும் என்பது விதி. அவள் எழவில்லை. பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டாள். ஆசிரியை பிறகு அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்துவிட்டுத்தான் அவளைக் களத்துக்கு அனுப்பினார்.

"ஏங்க, என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் ஒரு சட்டையை எடுத்து உதறினார். "சொ... சொல்ல வந்தேனே. முனிசிபல் ஆபீசுக்குப் போனேன்னு ஆரம்பிச்சேன். குப்பை வண்டிக்குத்தானே, நானே போன் பண்ணிட்டேன்னு நீ முடிச்சிட்ட. சரின்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷன் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் உங்களை..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவர் முகத்திலேயே அது தெரிந்தது. இருந்தும் அவர் முடித்துக்கொடுக்கவில்லை. சட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.