வெளியே போன நேரம்

முப்பத்தோரு வருஷம், மராட்டிக்காரர் ஊரான கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையின் வாசலில் பெண்களைச் சோதனை போட்டவள் நான். லேடி சர்ச்சர் என்று பதவி. தீப்பெட்டி, மொபைல், எதுவும் என் கையைத் தாண்டி உள்ளே போனதில்லை. முந்தானை முடிச்சில் பீடி வைத்திருந்தவளை மூக்காலேயே பிடித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட இந்தப் பவுனம்மாவை ஒரு மாலில் உட்கார வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றால், கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

ரிட்டயரான வருஷம் அது. மாலில் கூப்பன் எழுதிப் போட்டிருந்தேன். பரிசு விழுந்திருக்கிறது, வாங்கிப் போங்கள் என்று போன் வந்தது. பரிசு ஒரு பிளாஸ்டிக் டப்பா செட். அதற்காக மூன்று மணி நேரம் உட்கார வைத்து, இருபத்தைந்து வருஷத்துக்கு வருஷம் ஏழு நாள், மலையிலோ கடலோரத்திலோ அவர்கள் ரிசார்ட்டில் தங்கலாம் என்று ஒரு மெம்பர்ஷிப்பை என் தலையில் கட்டினார்கள். டைம்ஷேர் என்று அதற்குப் பெயராம். மூன்றரை லட்சம்.

நான் மயங்கியது அவர்கள் காட்டிய படத்தைப் பார்த்து இல்லை. வாசலில் ஒரு ரெஜிஸ்டர் வைத்திருந்தார்கள். பெயர், உள்ளே வந்த நேரம், கையெழுத்து. எங்கள் ஃபேக்டரியில் பெயர் எழுதி உள்ளே விடுகிறவள்தான் பத்திரமாக வெளியே அனுப்பவும் பொறுப்பு. ஷிப்ட் முடியும்போது 'வெளியே போன நேரம்' என்ற கட்டம் ஒருத்திக்குக் காலியாக இருந்தால்கூட சர்ச்சர் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு மழை நாளில் அப்படித்தான் ஒரு பெண் வரவில்லை. தேடச் சொல்லி, கழிப்பறையில் மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வரச் செய்து, நேரம் எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ரெஜிஸ்டர் வைத்திருக்கிறவன் யோக்கியன் என்று என் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அந்த நினைப்பில்தான் கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் ரூம் கேட்டால் ஃபுல். தீபாவளிக்குக் கேட்டால் ஃபுல். கொட்டுகிற மழையில் மட்டும் எல்லா ரூமும் காலி. பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வந்தது, ஏறிக்கொண்டும் வந்தது. வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்குப் போன் போட்டேன். ரத்து செய்ய முடியாது, வேறு ஆளைப் பிடித்தால் அவர் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்றாள் போனில் பேசிய பெண். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கு அப்புறம் நாமினிக்குத் தொடரும் மேடம்" என்று ஏதோ வரம் கொடுப்பதுபோல் சொன்னாள்.

நாமினி என் மகள் தீபா. ஏரவாடாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓடுகிறவள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்த முட்டாள்தனம் என்னோடு போகட்டும், அவள் தலையில் விடியக் கூடாது. எப்படியாவது விற்றுத் தீர்ப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

எங்கிருந்தோ மோப்பம் பிடித்து ரீசேல் ஏஜென்சிகள், மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறோம் என்று போன் செய்ய ஆரம்பித்தன. அதில் ஒருவன் தமிழில் பேசினான். பெயர் விச்சு, ஔந்தில் ஆபீஸ்.

"அம்மா, நீங்க தமிழுங்களா? நமக்குக் கோயம்புத்தூர் பக்கமுங்க. சூரத்துல ஒரு பார்ட்டி ரெடியா இருக்காருங்க. லிஸ்டிங் ஃபீஸ் மட்டும் கட்டிட்டீங்கன்னா போதும்."

இந்தியிலும் மராட்டியிலும் எத்தனை பேர் பேசியும் மசியாதவள், அந்த 'ங்க'வில் விழுந்தேன். பதினெட்டாயிரம் கட்டினேன். இரண்டு மாதம் கழித்து, பார்ட்டி பணத்தோடு நிற்கிறார், என்.ஓ.சி. சான்றிதழுக்கு இருபத்திரண்டாயிரம் கட்டுங்கள் என்றான்.

"வித்த துட்டுல கழிச்சிக்கயேன் தம்பி."

"புரொசீஜர்ல அதுக்கு இடமில்லைங்கம்மா."

அப்போதுதான் எனக்குப் பீடி நாற்றம் அடித்தது. பணம் கட்டாமல், வேறு இரண்டு ஏஜென்சிகளுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். எல்லோரிடமும் பார்ட்டி ரெடி. எல்லோருக்கும் பணம் முதலில். தீபாவும் நானும் ஆன்லைனில் புகார் கொடுத்தோம். ஒரு நம்பர் வந்தது, அதோடு சரி.

"விடும்மா, போனது போச்சு" என்றாள் தீபா.

"போனது போவட்டும். இருக்கிறத எப்படித் தொலைக்கிறது? நான் பார்த்துக்கறேன், போ."

திங்கட்கிழமை காலை டப்பாவில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கு பாஜியும் கட்டிக்கொண்டு ஔந்துக்குப் பஸ் ஏறினேன். மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவு. உள்ளே விச்சு, என் மகள் வயதுகூட இருக்காது. பணத்தைக் கொடு, இல்லை விற்றுக் கொடு என்றேன். மேனேஜ்மென்ட், பாலிசி, நாற்பத்தைந்து வேலை நாள் என்று ஏதேதோ சொன்னான்.

"சரி தம்பி, நான் வெளிய குந்திக்கினு இருக்கேன். நாப்பத்தஞ்சு நாளு ஆவட்டும்."

கீழே வாட்ச்மேன் ஒரு வயதான மராட்டிக்காரர். முப்பத்தோரு வருஷம் கேட் டியூட்டி பார்த்தவள் என்று சொன்னதும், தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு மேலே வந்து போட்டார். தனக்குச் சம்பளம் கொடுப்பது பில்டிங் சொசைட்டி, அந்த ஏஜென்சி இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் உட்கார்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. பையில் இருந்த நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். பெயர், போன் நம்பர், உள்ளே வந்த நேரம், விற்கவா வாங்கவா, கட்டிய பணம், என்ன சொன்னார்கள், கடைசியில் வெளியே போன நேரம். முதல் வரியில் என் பெயரையே எழுதினேன். லிஃப்டில் இருந்து இறங்கியவர்களிடம் நோட்டை நீட்டினேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலியில் ஒரு பொம்பளை உட்கார்ந்து நோட்டை நீட்டினால் இந்த நாட்டில் யாரும் எழுதத்தான் செய்வார்கள். எழுதிய பிறகு அவர்களே முன்னால் எழுதியவர்கள் கதையைப் படித்தார்கள். படித்த பாதிப் பேர் கதவைத் தொடாமலே லிஃப்டுக்குத் திரும்பினார்கள். அப்படிப் போனவர்களுக்கு நானே வெளியே போன நேரம் எழுதினேன். பணம் கட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறவர்களுக்கு எழுதவில்லை. அவர்கள் எங்கே வெளியே போனார்கள்?

இரண்டாம் நாள் விச்சு எட்டிப் பார்த்தான்.

"அம்மா, இது சரியில்லைங்க. நான் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்புடு. அவங்களும் வந்த டைமு எழுதிட்டு உள்ள போவட்டும்."

அவன் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை வரைக்கும் பணம் கட்டினவர்கள் என்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். அதில் பதினோரு பேருக்கு அதே சூரத் பார்ட்டி ரெடி. அந்த மனுஷன் இருந்திருந்தால் ஒரு மலையையே வாங்கியிருப்பான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நோட்டு நிறைந்ததே தவிர, என் மெம்பர்ஷிப் அப்படியே இருந்தது. வந்த அத்தனை பேரும் விற்க வந்தவர்கள். இடுப்பு வலி வேறு. எத்தனை நாள் இப்படி உட்காரப்போகிறாய் என்று தீபா போனில் அழாத குறையாகக் கேட்டாள். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், கையில் பெரிய மேக்கப் பெட்டி. வைஷாலி என்று பெயரையும், பக்கத்தில் போபோடி என்று ஊரையும் எழுதினாள். விற்கவா வாங்கவா என்ற இடத்தில் 'வாங்க' என்று எழுதினாள்.

நோட்டை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். ஐந்து நாளில் வாங்க வந்த ஒரே ஒருத்தி. உள்ளே கேட்டால் மூன்று லட்சம் சொல்வார்கள், நான் ஒரு லட்சத்துக்குக் கொடுத்தாலும் தப்பித்தேன். மே மாதம் மகாபலேஷ்வர் மலையில் ரூம் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த மாலில் என் எதிரே உட்கார்ந்திருந்தவனின் சிரிப்பு ஞாபகம் வந்தது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. தீபாவைக் காப்பாற்ற இன்னொருத்தியின் பெட்டிக்குள் தீப்பெட்டியைப் போட்டு அனுப்புவதா? முப்பத்தோரு வருஷம் பார்த்த வேலைக்கு என்ன அர்த்தம்?

பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் மராட்டியில் கொட்டினேன். மே மாதம் கிடைக்காது. தீபாவளி கிடைக்காது. கட்டணம் வருஷா வருஷம் ஏறும். இன்னும் பத்தொன்பது வருஷம் இருக்கிறது. மழையில் மட்டும் எந்த வாரம் கேட்டாலும் ரூம் உண்டு. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் சிரித்தாள். "மே மாசம் எனக்கு ஏது லீவு, மாவ்ஷி? நான் கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவள். சீசனில் தலை சீவ நேரம் கிடையாது."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மழைக்காலத்தில் வரும் ஆஷாட ஏகாதசி தொடங்கித் தீபாவளி தாண்டும் வரை இங்கே பெரும்பாலும் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அந்த நாலு மாதம்தான் அவளுக்கு ஓய்வு. ஹோட்டலில் தங்கிப் பார்த்துக் கட்டுப்படியாகாமல்தான் இப்படிப் பழைய மெம்பர்ஷிப் தேடி வந்திருக்கிறாள். யாருக்கும் வேண்டாத மழை வாரங்கள்தான் அவளுக்கு வேண்டும்.

ஒரு லட்சத்துக்குப் பேசி முடித்தோம். டோக்கன் ஐயாயிரம் தரட்டுமா என்று மொபைலை எடுத்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"யாருக்கும் முன்பணம் கொடுக்காதே. எனக்கும் கொடுக்காதே. கம்பெனி கவுண்டரில் உன் பெயர் ஏறின பிறகு கொடு."

அடுத்த வாரம் கம்பெனி ஆபீஸில் பெயர் மாற்றினோம். மாற்றுக் கட்டணத்தைக் கவுண்டரிலேயே ரசீது போட்டு வாங்கினார்கள். சூரத்தும் வேண்டியிருக்கவில்லை, என்.ஓ.சி.யும் வேண்டியிருக்கவில்லை. நாமினி என்ற இடத்தில் வைஷாலி பேனாவை வைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன். யார் பெயரை எழுதப் போகிறாயோ அவரிடம் முதலில் கேள் என்றேன். அங்கேயே மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதினாள். வெளியே வந்து தீபாவுக்குப் போன் போட்டு, உன் பேரை எடுத்தாச்சு என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நானும் நடுரோட்டில் நின்று அழுதேன். வெட்கம் என்ன இதில்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஔந்தில் லிஃப்டை விட்டு இறங்கினேன். விச்சு கையில் கவரோடு வாசலுக்கே வந்தான்.

"வித்துட்டீங்களாமே, சந்தோசமுங்கம்மா. இந்தாங்க, உங்க பதினெட்டாயிரம். அந்த நோட்டை மட்டும் குடுத்துட்டுப் போயிருங்க."

கவரை வாங்கி எண்ணினேன். சரியாக இருந்தது. என் பணம், ஏன் விட வேண்டும்? நோட்டைத் திறந்து முதல் வரியில் என் பெயருக்கு நேரே, வெளியே போன நேரம் 10.10 என்று எழுதினேன். கீழே பதினேழு வரிகளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்க வேலைதான் முடிஞ்சிருச்சுங்களே!" என்றான் விச்சு.

"என் வேல முடிஞ்சிது தம்பி. டியூட்டி முடியல. இன்னும் பதினேழு பேரு உள்ள இருக்காங்க."